தன்ர கையைத் தானே காயப்படுத்திற பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறது எப்பிடி: வன்னியில இருக்கிற ஆக்களுக்கு

அக்கா மத்திய கிழக்கில வேலை, பிள்ளை என்னோட. அப்ப வயது 15. பங்குனி வெயில் கொளுத்துது, பள்ளிக்கூடத்தால வந்தவள் சுவெட்டரைக் கழட்டாமல் இருக்கிறாள், காய்ச்சலோ எண்டு நெத்தியில கை வைச்சுப் பாத்தா ஒண்டும் இல்லை. கிணத்தடியில என்னோட நிண்டு வாயடிச்சுக் குளிக்கிற பிள்ளை தனியப் போய்க் குளிக்கத் தொடங்கி ரெண்டு மாசம் ஆச்சு எண்டு அப்பத்தான் எனக்கு ஓடி வெளிச்சது.

அதுக்குப் பிறகு நான் செய்ததில பாதி பிழை. எங்க போறது, என்ன கடதாசி, எந்த நாள், ஆரிட்டச் சொல்லுறது ஆரிட்டச் சொல்லக்கூடாது எண்டு அலைஞ்சு திரிஞ்சுதான் பிடிபட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எண்டு எங்கட பக்கத்தில எந்த ஊரில இருந்தாலும் நீங்கள் அந்த அலைச்சல் பட வேண்டாம் எண்டுதான் எழுதுறன். நான் டொக்டர் இல்லை, தையல்காரி. பிள்ளையிட்டக் கேட்டுத்தான் எழுதுறன், ரெண்டு விஷயத்தை வெட்டச் சொன்னவள், வெட்டிட்டன்.

1. கண்ட உடன: முதல் பத்து நிமிசம்

முதல் காயத்தைப் பாருங்கோ, கதை பிறகு.

ரத்தம் நிக்காமல் போகுது, காயம் ஆழம், பிள்ளை மயங்குது, இல்லாட்டி எதையாவது குடிச்சிருக்கு விழுங்கியிருக்கு எண்டு ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் உடன 1990க்கு எடுங்கோ. அது காசில்லாத அம்புலன்ஸ். விழுங்கின விஷயத்தில "பிள்ளை நல்லாத்தானே இருக்கு, விடியப் பாப்பம்" எண்டு மட்டும் இருந்திடாதேங்கோ, பனடோல் மாதிரி சாதாரணக் குளிசை கூட முதல் நாள் ஒண்டும் காட்டாமல் ரெண்டு நாள் கழிச்சு ஈரலைப் பழுதாக்கும். உப்புத் தண்ணி பருக்கிச் சத்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டாம். போத்தலையோ மட்டையையோ கையோட கொண்டு போங்கோ, டொக்டருக்கு அது பெரிய உதவி.

சின்னக் காயம் எண்டால் சுத்தமான தண்ணியில கழுவி, சுத்தமான துணியால கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சு, மூடிக் கட்டுங்கோ. கோப்பித்தூள் அப்பிற பழக்கம் எங்கட வீடுகளில இருக்கு, அது வேண்டாம், அழுக்காகும். ஏற்பூசி போட வேணுமோ எண்டு ஆஸ்பத்திரியில கேளுங்கோ.

இனிக் கதைக்கிற விஷயம். நான் செய்தது என்ன தெரியுமோ, கையை இழுத்துப் பிடிச்சு "ஏன் செய்தனி, ஏன் செய்தனி, அம்மா அங்க கஷ்டப்பட நீ இங்க இப்பிடியோ" எண்டு கத்தினது. பிள்ளை ஒரு சொல்லும் பேசேல்ல, சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டவள். பிறகு, கனநாளைக்குப் பிறகு சொன்னவள், "சித்தி, ஏன் எண்டு எனக்கே தெரியாது, நீங்கள் கேக்கக் கேக்க நான் இன்னும் கூடாத பிள்ளை எண்டுதான் நினைச்சனான்" எண்டு.

அப்ப என்ன சொல்லலாம்? "நான் கண்டுட்டன். கோவம் இல்லை. நோகுதோ? மருந்து கட்டுவம்." அவ்வளவு காணும் முதல் நாளுக்கு.

ஒரு கேள்வி மட்டும் கேக்கத்தான் வேணும், சுத்தி வளைக்காமல்: "செத்துப்போக வேணும் எண்டு யோசிச்சனியோ?" கேட்டா அந்த யோசினையை நாங்களே குடுத்த மாதிரி ஆயிடும் எண்டு எங்கட ஆக்கள் பயப்பிடுவினம். அப்பிடி இல்லை, கேக்கிறதால அந்த யோசினை கூடிப்போகாது, பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். கனக்கப் பிள்ளையள் சாக எண்டு செய்யிறேல்ல, உள்ளுக்க தாங்கேலாத ஒண்டைக் கொஞ்ச நேரம் அடக்கத்தான் செய்யிறது. ஆனா ஓம் எண்டு சொன்னா, எப்பிடி எண்டு யோசிச்சும் வைச்சிருந்தா, கிளினிக் நாளைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அண்டைக்கே, இரவெண்டாலும், ஆஸ்பத்திரி. தனிய விடாதேங்கோ.

பெரிய பொறி: சத்தியம் வாங்கிறது. நான் என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ண வைச்சனான். நாலாம் நாள் திருப்பிச் செய்திருக்கிறாள், சத்தியத்தை மீறிட்டன், சித்திக்கு ஏதும் ஆகிடும் எண்டு இன்னும் கூடப் பயந்து இன்னும் கூட ஒளிச்சிருக்கிறாள். சத்தியம் பிள்ளையை நிப்பாட்டாது, எங்களிட்டச் சொல்லுறதைத்தான் நிப்பாட்டும்.

2. அண்டைக்கு இரவே வீட்டைப் பாருங்கோ

வயல் தோட்டத்துக்கு வாங்கி மிச்சம் கிடக்கிற மருந்துப் போத்தலுகள் எங்க இருக்கு? எங்கட வீட்டில கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில சும்மா கிடந்தது. அதை அண்டைக்கு இரவே அண்ணை வீட்டில குடுத்துப் பூட்டி வைச்சம். அம்மம்மாவின்ர பிறஷர் குளிசை, சீனிக் குளிசை, பனடோல் மட்டை எல்லாத்தையும் ஒரு தகரப் பெட்டியில போட்டுப் பூட்டி, திறப்பு என்ர கழுத்துச் சங்கிலியில. கூரான சாமானுகளும் அப்பிடித்தான், எனக்குக் கத்திரிக்கோல் தொழில் ஆயுதம், வேலை முடிய எண்ணிப் பூட்டுவன்.

இதைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதேங்கோ. "கொஞ்ச நாளைக்கு இதெல்லாம் கைக்கெட்டாமல் இருக்கட்டும்" எண்டு சொல்லிச் செய்யுங்கோ. அறைக் கதவைக் கழட்டுறது, புத்தகப் பையைக் கிளறுறது, போனைப் பறிக்கிறது இதெல்லாம் வேற, அது பொலிஸ் வேலை. போனைப் பறிச்சா பிள்ளை மனம் விட்டுக் கதைக்கிற ஒரே ஒரு சிநேகிதியும் இல்லாமல் போகலாம்.

3. கடதாசி

அவசரம் எண்டால் ஒரு கடதாசியும் தேடாதேங்கோ, ஆளைக் கொண்டு போங்கோ. இது கிளினிக்குக்குப் போற ஆக்களுக்கு.

ஒரு பிளாஸ்டிக் பைலில இவ்வளவையும் போடுங்கோ: பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ் கொப்பி ரெண்டு, அடையாள அட்டை எடுத்திருந்தா அதுவும், கூட்டிக்கொண்டு போறவரின்ர அடையாள அட்டையும் கொப்பியும், முன்னம் ஏதும் வருத்தத்துக்குக் கிளினிக் போயிருந்தா அந்தக் கிளினிக் கொப்பி, வாட்டில மறிச்சு வைச்சிருந்தா டயக்னோஸிஸ் கார்ட், இப்ப குடிக்கிற குளிசையளின்ர பேர்.

என்னை மாதிரி அம்மா அப்பா இல்லாமல் வளக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. முதல் நாள் "அம்மா எங்க, நீங்கள் ஆர்" எண்டு கேட்டு அரை மணித்தியாலம் இழுபட்டம். பிள்ளை பக்கத்தில நிக்கிறாள், பின்னால சனம், எல்லாருக்கும் கேக்க "அம்மா வெளிநாடு, அப்பா விட்டுட்டுப் போட்டார்" எண்டு நான் சொல்ல வேண்டி வந்தது. இதைத் தவிர்க்கிறதுக்கு ரெண்டு கடதாசி. ஒண்டு, பிள்ளை உங்களோட இருக்குது எண்டு விதானையாரிட்டக் கடிதம். மற்றது, அம்மாவின்ர கையெழுத்தோட "என்ர பிள்ளையின்ர வைத்தியத்துக்குத் தங்கச்சிக்குச் சம்மதம் குடுக்கிறன்" எண்டு எழுதி பாஸ்போட் கொப்பியோட வட்ஸ்அப்பில அனுப்பினா அதைப் பிறின்ட் எடுத்து வைக்கிறது. ரெண்டாவது தரம் போகேக்க இதுகளைக் காட்டினன், ஒரு கேள்வியும் இல்லை.

விதானையாரிட்டப் போகேக்க கவனம். "என்னத்துக்குக் கடிதம்?" எண்டு கேப்பினம். "வைத்தியத் தேவைக்கு" எண்டு மட்டும் சொல்லுங்கோ, அதுக்கு மேல சொல்ல வேண்டிய கடமை இல்லை. என்ன வருத்தம் எண்டு அங்க சொன்னீங்கள் எண்டால் நீங்கள் வீடு வந்து சேர முதல் கதை வந்து சேர்ந்திடும்.

4. எங்க, எந்த நாள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டப் பொது வைத்தியசாலையிலயும் மனநலப் பிரிவு இருக்கு. கேக்க வேண்டிய சொல்லு "மனநலப் பிரிவு", "மனநலக் கிளினிக்". கிளினிக் எல்லா நாளும் இல்லை, குறிச்ச நாளுகளில, அதால முதல் நாளே போன் எடுத்துக் கேளுங்கோ: எந்த நாள், எத்தினை மணிக்குத் துண்டு குடுப்பினம், புது ஆளெண்டால் நேர வரலாமோ இல்லாட்டி ஓ.பி.டி.யால வர வேணுமோ, சின்னப் பிள்ளையளுக்குத் தனி நேரம் இருக்கோ. நான் கேக்காமல் பிழையான நாளில போய், வெளிக்கிட்டு வந்த பிள்ளை "இனி வரமாட்டன்" எண்டு சொல்லி, திருப்பி அவளைச் சம்மதிக்க வைக்க மூண்டு கிழமை போச்சு. ஒரு போன் கோலில முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்ளுக்க இருக்கிற ஆக்களுக்குப் பஸ் பெரிய பிரச்சினை. கிட்டடி ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில டொக்டரிட்டத் தனியக் கதைக்க வேணும் எண்டு சொன்னா அவர் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார், அந்தக் கடிதத்தோட போனா வேலை லேசு. பிரதேச செயலகத்தில உளவளத்துணை செய்யிற உத்தியோகத்தர் இருக்கினம், அவையிட்டயும் போகலாம், ஆனா காயப்படுத்திற அளவுக்கு வந்த பிள்ளைக்கு டொக்டரின்ர கண் ஒருக்கா படத்தான் வேணும் எண்டது என்ர எண்ணம்.

இரவில அந்தரம் வந்தா 1926. தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், 24 மணித்தியாலமும். எடுத்த உடன "தமிழில கதைக்க வேணும்" எண்டு சொல்லுங்கோ. பிள்ளைதான் எடுக்க வேணும் எண்டில்லை, நானே ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு முத்தத்தில இருந்து எடுத்து அழுதனான்.

பொலிஸ் வருமோ எண்டு பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடுற ஆக்களுக்கு: தற்கொலைக்கு முயற்சிக்கிறது இலங்கையில 1998ல இருந்து குற்றம் இல்லை. வாட்டில நிண்டா ஆஸ்பத்திரிப் பொலிஸ் வந்து என்ன நடந்தது எண்டு எழுதலாம், அதுக்காகப் பிள்ளைக்கு வழக்கு வராது.

5. டொக்டர் உங்களை வெளியில நிக்கச் சொல்லுவார்

இதுக்கு நான் ஆயத்தமா இருக்கேல்ல. உள்ளுக்க போன உடன டொக்டர் பிள்ளையிட்ட வருத்தத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல, "எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள், சாப்பிட்டாச்சோ" எண்டு கேட்டார். பிள்ளை தண்ணிப் போத்தலில ஒட்டியிருந்த லேபிளை நகத்தால உரிச்சு உரிச்சு மடியில போட்டுக்கொண்டு இருந்தவள். வீட்டில என்ன வளக்கிறீங்கள் எண்டு கேட்க, கோழி எண்டவள், எத்தினை எண்டு கேட்க, "பதினொண்டு, ஒண்டு அடைகிடக்குது" எண்டவள். அவள் ஆக்களோட அவ்வளவு கதைச்சே கனநாள். அப்பத்தான் என்னைப் பாத்து, "அம்மா, ஒரு இருபது நிமிசம் வெளியில இருங்கோ" எண்டார்.

எனக்குக் கோவம் வந்தது, உண்மையா. வளத்தவள் நான், எனக்குத் தெரியாத என்னத்தை இவருக்குச் சொல்லப் போறாள் எண்டு. வாங்கில இருந்து கதவையே பாத்துக்கொண்டு இருந்தன்.

அது அப்பிடித்தான் நடக்க வேணும், அது நல்ல டொக்டரின்ர அடையாளம். தானாக் கேக்காட்டி நீங்களே கேளுங்கோ, "பிள்ளையோட தனியக் கதைக்கிறீங்களோ" எண்டு. பிள்ளை சொல்லுறதை உங்களிட்ட அப்பிடியே ஒப்புவிக்க மாட்டினம். உயிருக்கு ஆபத்து, இல்லாட்டி ஆரோ பிள்ளையைத் துன்பப்படுத்தினம் எண்டால் மட்டும்தான் வெளியில சொல்ல வேண்டி வரும். திரும்பி வரேக்க பஸ்ஸில "என்ன சொன்னனி, என்னைப் பற்றிச் சொன்னனியோ" எண்டு துருவாதேங்கோ. நான் வாயைக் கடிச்சுக்கொண்டு வந்தனான், பரந்தன் சந்தியில இறங்கி ஆளுக்கொரு ஐஸ்கிறீம் வாங்கினது மட்டும்தான்.

பிள்ளையை ஆரும் அடிக்கினம், பிழையாத் தொடுகினம் எண்டு தெரிய வந்தா, அது சொந்தத்துக்குள்ள எண்டாலும், குடும்பத்துக்குள்ள வைச்சுச் சமாதானம் பேசாதேங்கோ. டொக்டரிட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டி 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம். பிள்ளையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருத்தருக்கும் முன்னால கதை சொல்ல வைக்காதேங்கோ.

டொக்டரிட்ட நீங்கள் சொல்ல வேண்டியதை முதல் நாளே எழுதி வைச்சுக் குடுங்கோ: எப்ப தொடங்கினது, எத்தினை தரம் தெரியும், நித்திரை, சாப்பாடு, பள்ளிக்கூடம், குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி இருந்ததோ. பிள்ளைக்கு முன்னால வாயால சொன்னா குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருக்கும்.

6. வைத்தியம் எண்டால் என்ன, எவ்வளவு காலம்

நான் ஊசி போடுவினம், குளிசை தருவினம், ரெண்டு கிழமையில சரி எண்டு நினைச்சுக்கொண்டு போனனான். காயப்படுத்திறதை நிப்பாட்ட எண்டு தனிக் குளிசை ஒண்டும் இல்லை. மனச்சோர்வு, பதகளிப்பு இருந்தா அதுக்குக் குளிசை தரலாம், அது வேலை செய்யவே சில கிழமை எடுக்கும், தொடங்கின முதல் கிழமையளில பிள்ளையைக் கூடுதலாக் கவனிக்கச் சொல்லுவினம். குளிசையைப் பிள்ளையின்ர கையில மட்டையோட குடுக்காதேங்கோ, நீங்களே நேரத்துக்கு ஒண்டு குடுங்கோ. சுகமாயிட்டுது எண்டு நீங்களாக நிப்பாட்டவும் வேண்டாம்.

முக்கியமான வைத்தியம் கதைக்கிறதுதான். அது "உபதேசம்" இல்லை. எங்கட பிள்ளைக்கு முதல் மூண்டு நாலு தரமும் பெரிசா ஒண்டும் நடக்காத மாதிரி இருந்தது, என்ன சும்மா கதைச்சு விடுகினம் எண்டு எனக்கு எரிச்சல். பிறகுதான் விளங்கினது, காயப்படுத்த வேணும் எண்டு உந்துற அந்த அலை வரேக்க உடம்பில எங்க தொடங்குது, எதுக்குப் பிறகு வருது எண்டு பிள்ளையே கண்டுபிடிக்கிற வேலை நடந்துகொண்டிருக்கு எண்டு. அவளுக்கு அம்மாவின்ர வீடியோ கோல் முடிஞ்ச கையோடதான் அது வாறது. எனக்கு அது தெரியவே தெரியாது, அம்மாவோட கதைச்சா பிள்ளைக்கு ஆறுதல் எண்டு நான்தான் ஒவ்வொரு நாளும் எடுத்துக் குடுத்துக்கொண்டு இருந்தனான்.

ஒஸ்லோவில இருக்கிற மச்சாள் ஒரு விஷயம் தேடி அனுப்பினவ. டி.பி.டி. எண்டு கதைச்சுச் செய்யிற ஒரு வைத்திய முறை, அமெரிக்காவில மார்ஷா லினஹன் உருவாக்கினது, அதைப் பதின்ம வயதுக்கு மாத்தி நோர்வேயில 77 பிள்ளையளை ரெண்டாப் பிரிச்சு 19 கிழமை செய்து பாத்திருக்கினம், 2014ல வெளிவந்தது, வழமையான வைத்தியம் கிடைச்ச பிள்ளையளை விட இந்த முறை கிடைச்ச பிள்ளையள் காயப்படுத்திறது குறைஞ்சிருக்கு. இதை இங்க சொல்லுறது நீங்களும் அதைத் தேடி அலைய எண்டு இல்லை, அங்கயே, அவ்வளவு வசதியோட, கிழமைக்குக் கிழமை போய் அஞ்சு மாசம் கிட்ட எடுத்திருக்கு எண்டு பாருங்கோ. ரெண்டு தரம் போட்டு "சரிவராது" எண்டு விடுற ஆக்களுக்குத்தான் சொல்லுறன்.

எங்களுக்குக் கிடைச்சதில மிகப் பிரயோசனம் ஒரு ஒற்றைத் தாள். பிள்ளை தன்ர கையால அப்பியாசக் கொப்பியில எழுதினது, நான் எழுதேல்ல. மேல: "வரப்போகுது எண்டு எப்பிடித் தெரியும்", தொண்டை இறுகும், ஆக்கள் கதைக்கிறது தூரத்தில கேக்கும். அடுத்தது தனியச் செய்யக்கூடியது: கிணத்தில ஒரு வாளி அள்ளி முகத்தை முக்கிறது, கோழிக்குத் தீன் போடுறது, சைக்கிளில குளக்கட்டு வரைக்கும் போறது. அடுத்தது, விஷயம் சொல்லாமலே போய் இருக்கக்கூடிய ஆக்கள். பிறகு, விஷயத்தைச் சொல்லக்கூடிய ஆக்கள், அதில என்ர பேர் மூண்டாவதா இருந்தது, மனம் கொஞ்சம் நொந்ததுதான். கடைசியில கிளினிக் இலக்கம், 1926, 1990. உங்கட பிள்ளைக்கும் இப்பிடி ஒண்டு எழுதித் தாங்கோ எண்டு கிளினிக்கில கேளுங்கோ. ஒரு கொப்பியைப் போனில படமா எடுத்து வைக்கலாம்.

7. காசு

அரசாங்க ஆஸ்பத்திரியில டொக்டருக்கும் கிளினிக்குக்கும் காசில்லை, மருந்தும் இருக்கிறது சும்மா தருவினம், இல்லாததை வெளிப் பாமசியில வாங்கச் சொல்லித் துண்டு எழுதுவினம். அதுக்குக் கையில கொஞ்சம் வைச்சிருங்கோ. உண்மையான செலவு பஸ், ஓட்டோ, சாப்பாடு, அண்டைய உழைப்பு. எனக்கு ஒரு கிளினிக் நாள் எண்டால் ரெண்டு பிளவுஸ் தைக்கிற காசு போச்சு.

காசு கட்டிப் பிறைவேற்றில சனல் பண்ணிக் காட்டினாத்தான் நல்ல வைத்தியம் எண்டு அண்ணை நிண்டார். யாழ்ப்பாணம் போய்க் காட்டினம், டொக்டர் காசு, ஆஸ்பத்திரிக் காசு, மருந்து, ரெண்டு பேரின்ர போக்குவரத்து எல்லாம் சேர எட்டாயிரத்துக்கு மேல முடிஞ்சுது, கதைச்சது பத்து நிமிசம். அவசரமா ஒருக்காப் பாக்க அது சரி. மாசக்கணக்காப் போக வேண்டிய விஷயத்துக்கு, எங்கட மாதிரி ஆக்களுக்கு, கிட்ட இருக்கிற அரசாங்கக் கிளினிக்தான் தாங்கும்.

8. ஆருக்குச் சொல்லுறது

பள்ளிக்கூடத்தில ஒரே ஒரு ஆளுக்கு. வழிகாட்டல் ஆலோசனை ரீச்சரோ வகுப்பு ரீச்சரோ, ஆர் எண்டதைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். கிளினிக் நாளுகளுக்கு லீவுக் கடிதம் வேணும் எண்டால் டொக்டரிட்ட "கிளினிக்குக்கு வந்தவர்" எண்டு மட்டும் எழுதித் தரேலுமோ எண்டு கேளுங்கோ. காயம் தெரியுது எண்டால் நீட்டுக் கை போட விடச் சொல்லி அந்த ரீச்சரிட்டயே கதைக்கலாம்.

அக்காவுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டதுதான் எனக்குக் கஷ்டம். சொல்லாமல் விட்டு, வேற ஆரோ சொல்லி, அவ போனில "நான் செத்துப்போறன்" எண்டு பிள்ளைக்கு முன்னால கத்தி, அது பெரிய கூத்து. வெளிநாட்டில இருக்கிற தாய்க்கு முதல் தனியச் சொல்லுங்கோ, அழுறதை உங்களோட அழட்டும், பிறகு பிள்ளையோட கதைக்கட்டும். என்ன கதைக்கிறது எண்டும் சொல்லிக் குடுங்கோ: கோழியைக் கேள், படிப்பைக் கேக்காத.

கோயில் விஷயம். நான் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைச்சனான், அது என்ர மனசுக்கு. பேய் எண்டு சொல்லி அடிக்கிற, பட்டினி போடுற, குளிசையை நிப்பாட்டச் சொல்லுற இடத்துக்கு மட்டும் பிள்ளையைக் கொண்டு போகாதேங்கோ, எந்தச் சமயம் எண்டாலும்.

9. திருப்பி நடந்தா

நடக்கும். எங்களுக்கு அஞ்சு மாசம் ஒண்டும் இல்லாமல் இருந்து, ரிசல்ட் வந்த கிழமை திருப்பி நடந்தது. இந்தத் தரம் பிள்ளையே வந்து தையல் மெசினுக்குப் பக்கத்தில நிண்டு "சித்தி, மருந்துப் பெட்டியை எடுங்கோவன்" எண்டவள். நான் மெசினை நிப்பாட்டி, கழுவிக் கட்டி, தேத்தண்ணி போட்டன், பிறகுதான் 1ல சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டன். இல்லை எண்டவள்.

அப்பிடி நடந்தா அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு எண்டு பாத்துக்கொண்டு இருக்காமல் போன் எடுத்து முன்னுக்குத் திகதி கேளுங்கோ, குடுப்பினம். கொப்பி, பைல், அந்தத் தாள் மூண்டும் ஒரே பையில இருக்கட்டும். போகேக்க தண்ணிப் போத்தலும், போன் சார்ஜரும், பிள்ளைக்கு வாசிக்க ஏதாவதும் வையுங்கோ, ஆறு மணிக்குத் துண்டு எடுத்தாலும் பேர் கூப்பிடப் பத்தரை ஆகும்.